தொலைதூர வேட்டைக்கு உபரிக் கருவிகள்: எதையெல்லாம் இரண்டாக எடுப்பது?

புதுத்தடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வரும் பருவத்துக்கு எனக்கும் என் மைத்துனருக்கும் மான் வேட்டை உரிமம் கிடைத்திருக்கிறது. இதுவரை நாங்கள் வேட்டையாடிய இடமெல்லாம் வண்டி நிற்கும் பாதையிலிருந்து அரை நாள் நடைக்குள் இருந்தது. ஒன்று உடைந்தாலோ மறந்துபோனாலோ வண்டிக்குத் திரும்பி வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். இம்முறை அந்த வசதி இல்லை. மிதவை விமானம் எங்களை ஒரு மலை ஏரியில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் திரும்பி வரும். வானிலை கெட்டால் இன்னும் தாமதமாகலாம் என்று விமானி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கைபேசிக்கு சிக்னல் கிடையாது. இரவில் தண்ணீர் உறையும் குளிர்.

கூடத்தில் பொருட்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தினமும் மாலையில் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கொரு ரைஃபிள் போக, பொதுவாக மூன்றாவது ரைஃபிள் ஒன்று. உபரி ஸ்கோப் (ரைஃபிளின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்று. அடுப்பு இரண்டு, தண்ணீர் வடிகட்டி இரண்டு, தலைவிளக்கு நான்கு, ஜிபிஎஸ் கருவி இரண்டு, பவர் பேங்க் மூன்று, கத்தி ஐந்து, பூட்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி. தராசில் வைத்தால் ஆளுக்கு 38 கிலோ வருகிறது. விமானி ஏற்றுவது 27 கிலோ வரைதான்.

மைத்துனர் எதையும் விட மறுக்கிறார். "அங்கே போய் இல்லை என்று நின்றால் யாரிடம் கேட்பாய்?" என்கிறார். எனக்கோ இதில் பாதி, பையை விட்டு வெளியே வராமலேயே திரும்பி வந்துவிடும் என்று படுகிறது. எந்தப் பாதி என்றுதான் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்வந்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.


எடைகுறை எழுதியது:

நண்பரே, உபரி என்று எதையும் எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. ஒவ்வொன்றிலும் ஒன்று, அது தரமானதாக இருக்கட்டும், கிளம்புவதற்கு முன் அதைப் பலமுறை பயன்படுத்திப் பார்த்துவிடுங்கள். அவ்வளவு போதும்.

காரணம் இருக்கிறது. பெரிய வகை மான் ஒன்று விழுந்தால், எலும்பு நீக்கிய இறைச்சியே 80 கிலோவைத் தாண்டிப் போகலாம். அதை இருவரும் பல நடையாக ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முகாமை உள்ளே தள்ளி அமைக்கும்போது சுமந்த உபரியையும் சேர்த்துத் திரும்பச் சுமப்பீர்கள். முழங்கால் பிசகுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான், அதுவும் களைத்துப்போன நாளில்தான். முழங்காலுக்கு உபரி கிடையாது.


ஓடைவழி எழுதியது:

தம்பி, உங்கள் மைத்துனர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் மூன்றாவது ரைஃபிள் அதற்குப் பதில் ஆகாது. எடைகுறை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது; இருந்தாலும் உறைபனியில் ஒரே ஒரு தீமூட்டியை நம்பிப் படுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பல பருவங்கள் வேட்டைக்காரர்களை மலைக்கு அழைத்துப் போகும் வழிகாட்டியாக இருந்தவன் நான். புறப்படுவதற்கு முந்தைய மாலை எல்லோருடைய பையையும் பிரித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேட்பேன்: இது போய்விட்டால் நாளைக் காலை நீங்கள் உயிரோடு எழுந்திருப்பதில் ஏதாவது மாறுமா? மாறும் என்றால், அந்த வேலையைச் செய்ய வேறொரு வழி பையில் இருக்க வேண்டும். கவனியுங்கள், வேறொரு வழி. அதே பொருளில் இன்னொன்றை வைப்பதால் பெரும்பாலும் பயன் இருக்காது. முதலாவதைக் கெடுத்த அதே குளிர், அதே மழை, அதே இரவில் இரண்டாவதையும் கெடுத்துவிடும்.

உங்கள் இரண்டு தண்ணீர் வடிகட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவை நுண்குழாய் வகையாகத்தான் இருக்கும். ஒருமுறை பயன்படுத்திய பிறகு எவ்வளவு உதறினாலும் குழாய்களுக்குள் ஈரம் தங்கும். இரவில் அது உறைந்து விரியும்போது குழாய்ச் சுவர்கள் வெடித்துவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. காலையில் தண்ணீர் வழக்கம்போல் இறங்கும், கிருமிகளும் சேர்ந்தே இறங்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தூங்கினால் இரண்டும் போச்சு. ஒரு வடிகட்டியை எடுங்கள். இரவில் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தூக்கப்பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றாக ஒரு சிறு அட்டை குளோரின் டை ஆக்சைடு மாத்திரை. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிக்கு அது வேலை செய்ய 4 மணி நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதுவும் தீர்ந்தால் பாத்திரம் இருக்கவே இருக்கிறது: தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். ஆக, இரண்டாவது வடிகட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

நெருப்புக்கும் இதே கதைதான். சாதாரண லைட்டரில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது சுமார் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாவதே இல்லை. பையின் வெளிப்பக்கத்தில் பத்து லைட்டர் வைத்திருந்தாலும் உறைபனிக் காலையில் பத்தும் ஒன்றுபோல் சும்மா இருக்கும். ஒன்றைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். இன்னொரு வழியாகத் தீப்பொறிக் கம்பி ஒன்று. நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசினால் பொறி பறக்கும். ஆனால் பொறி வேறு, நெருப்பு வேறு. பொறியைப் பிடித்துக்கொள்ள வாஸ்லின் தடவிய பஞ்சு உருண்டைகள் ஒரு சிறு டப்பியில் இருக்க வேண்டும். நடுங்கும் விரல்களால் அதைப் பற்றவைக்க வருகிறதா என்று வீட்டிலேயே, கையைப் பனிக்கட்டி நீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் செய்து பாருங்கள். என்னோடு வந்த ஒவ்வொருவரையும் இதைச் செய்ய வைத்திருக்கிறேன். எரிச்சலோடு செய்தவர்கள்கூட மலையில் அதற்காக நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

அடுப்பு ஒன்று போதும். நீங்கள் சொல்லும் ஏரிக்கரையில் விறகு கிடைக்குமா என்று விமானியிடமே கேளுங்கள். கிடைக்கும் என்றால் அதுதான் உங்கள் இரண்டாவது அடுப்பு. மரமே வளராத உயரத்தில் முகாம் என்றால் மட்டும் நான் வேறு மாதிரி யோசிப்பேன்.

விளக்கு மட்டும் விதிவிலக்கு. தலைவிளக்கு ஆளுக்கு இரண்டு என்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். மான் விழுவது பெரும்பாலும் அந்தி நேரத்தில். தோல் உரித்து, கூறுபோட்டு முடிக்கும்போது நள்ளிரவாகிவிடும். ஒருமுறை என்னோடு வந்தவரின் விளக்கு வேலைக்கு நடுவே மங்கிவிட்டது. அவர் கை முழுக்கக் கொழுப்பும் ரத்தமும். மூடியைத் திருகிப் பேட்டரியை எடுத்தார். ஒன்று வழுக்கிப் பாசிக்குள் விழுந்தது. எந்தப் பக்கம் நேர்முனை என்று தடவிப் பார்க்க விரலில் உணர்ச்சி இல்லை. மூடியில் இருந்த சிறு ரப்பர் வளையமும் எங்கோ போய்விட்டது. கழுத்தில் தொங்கிய இரண்டாவது விளக்கை அவர் எரியவிட்ட பிறகுதான் எல்லாமே கண்ணுக்குப் பட்டன. இரண்டாவது விளக்கின் முதல் வேலை அதுதான்: முதலாவதற்குப் பேட்டரி மாற்ற வெளிச்சம் தருவது. அது சிறியதாக, 40, 50 கிராமுக்குள் இருந்தால் போதும்.

இரண்டு விளக்குக்கும் ஒரே வகைப் பேட்டரி இருக்கட்டும். ஜிபிஎஸ் கருவிக்கும் அதே வகை என்றால் மிக நல்லது. சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் பேட்டரி மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும், எடையும் குறைவு. கைபேசியையும் பவர் பேங்கையும் இரவில் தூக்கப்பைக்குள் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியை சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகப் பழுதாகும். ஆகவே முதலில் கைபேசியை உடம்போடு வைத்துச் சூடாக்கிவிட்டு, பிறகு சார்ஜ் போடுங்கள். பவர் பேங்க் மூன்று வேண்டாம், ஆளுக்கு ஒன்று.

இரண்டு ஜிபிஎஸ் கருவியில் ஒன்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கைபேசியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டால் அது இரண்டாவது. காகித வரைபடமும் திசைகாட்டியும் மூன்றாவது. திசைகாட்டியைக் கைபேசி இருக்கும் பையில் போடாதீர்கள். ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் முள்ளைத் திசை மாற்றி, சில நேரம் தலைகீழாகவே ஆக்கிவிடும்.

இப்போது ரைஃபிள். இரண்டு பேர், இரண்டு ரைஃபிள். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கிறது. வேட்டை பாதியாகும், நின்றுபோகாது. மூன்றாவது ரைஃபிள் பெட்டி, தோட்டாவோடு ஐந்து கிலோவைத் தின்றுவிடும். அதற்குப் பதில், முடிந்தால் இருவரும் ஒரே வகைத் தோட்டா பயன்படுத்தும் ரைஃபிள்களை எடுங்கள். ஒருவருடைய தோட்டாப் பெட்டி ஆற்றில் போனாலும் மற்றவருடையது உதவும். வெவ்வேறு வகை என்றால் தோட்டாக்களை ஒரே பையில் கலக்கவே கூடாது. ஷாட்கன் பழகியவர்களுக்கு இது தெரியும்: சிறிய அளவான 20 கேஜ் தோட்டா தவறிப்போய் அதைவிடப் பெரிய 12 கேஜ் குழலுக்குள் விழுந்தால் நடுவில் சிக்கி நிற்கும். அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே அதற்காகத்தான்.

குளிரில் ரைஃபிள் சுடாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் உடைசல் அல்ல, எண்ணெய். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டுக்குள் கெட்டி எண்ணெயோ கிரீஸோ இருந்தால் குளிரில் பசையாகிவிடும். உள்ளே இருக்கும் சுடும் ஊசி மெதுவாக நகர்ந்து, தோட்டாவின் பின்புறத்தில் லேசான பள்ளம் மட்டும் போட்டு நிற்கும். 'டிக்' என்ற சத்தத்தோடு மான் போய்விடும். கிளம்பும் முன் போல்ட்டைப் பிரித்து, பழைய எண்ணெயை முழுவதும் துடைத்து, குளிருக்கேற்ற மெல்லிய எண்ணெயை ஒட்டியும் ஒட்டாமலும் தடவுங்கள். ரைஃபிளுக்கு நீங்கள் எடுக்க வேண்டிய உபரி இவ்வளவுதான்: ஸ்கோப் திருகுகளுக்கும் கட்டைத் திருகுகளுக்கும் பொருந்தும் சாவிகள், குழலுக்குள் இழுத்துச் சுத்தம் செய்யும் கயிறு ஒன்று, ஒரு துண்டுத் துணி.

இரண்டாக இருந்தே தீர வேண்டியது உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை: டூர்னிக்கெட், அதாவது ரத்தப்போக்கை நிறுத்தக் கை கால்களில் இறுக்கிக் கட்டும் பட்டை. கொழுப்பேறிய கைப்பிடி, கூரான கத்தி, மங்கலான வெளிச்சம், களைத்த கை. தொடையில் இறங்கினால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். ஆளுக்கு ஒன்று, பைக்குள் ஆழத்தில் புதைக்காமல் எட்டும் இடத்தில். ஒற்றைக் கையால் தனக்குத்தானே கட்டிப் பழகியிருக்க வேண்டும். இன்னொன்று, விமானம் தாமதமாகலாம் என்று விமானியே சொல்லியிருக்கிறாரே, அதற்கான உணவு எங்கே? குறைந்தது மூன்று நாளுக்கு உபரி உணவும் அதற்குரிய எரிபொருளும், யாராவது தினமும் மருந்து சாப்பிடுபவர் என்றால் அந்த மருந்தும் எடுங்கள். நீங்கள் குறைத்த எடையில் ஒரு பகுதி இதற்குப் போகட்டும்.


நாணேற்றி எழுதியது:

ஓடைவழி ஐயா சொன்னதில் வில் வேட்டைக்காரர்களுக்காகக் கொஞ்சம் சேர்க்கிறேன். சகோதரர் ரைஃபிள்தான் எடுக்கிறார் என்றாலும் பின்னால் படிக்க வருபவர்களுக்குப் பயன்படும்.

கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லின் நாண் அறுந்தால் காட்டில் மாற்றுவது மிகக் கடினம். வில்லின் இரு கைகளையும் அழுத்திப் பிடிக்க பிரஸ் என்ற கருவி வேண்டும். கையடக்க பிரஸ் இருக்கிறது. ஆனாலும் மாற்றிய பிறகு மறுபடி எல்லாவற்றையும் சரிபார்த்தால்தான் அம்பு நேராகப் போகும். அதனால் நான் நாணை உபரியாக எடுப்பதில்லை. பருவத்துக்கு முன்பே புது நாண் போட்டு, அது நீண்டு நிலைபெறும் வரை எய்து, அதன்பின் கிளம்புகிறேன். ஆனால் நாணைப் பிடித்து இழுத்து விடுவிக்கும் ரிலீஸ் கருவி எப்போதும் இரண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பொருள். தொலைந்துவிட்டால் விரலால் நாணை இழுத்து எய்ய வேண்டும். எய்யும் முறையே மாறிவிடுவதால் அம்பு வேறெங்கோ போகும். அப்படி எய்து விலங்கைக் காயப்படுத்த எனக்கு மனம் வராது. இரண்டாவது ரிலீஸும் முதலாவதைப் போலவே, அதே நீளத்துக்குச் சரிசெய்து பழகியதாக இருக்க வேண்டும். ரிலீஸ் பிடித்துக்கொள்ள நாணில் கட்டும் டி வளையத்துக்கு ஒரு முழம் கயிறு, அறுகோணச் சாவிகள், இவ்வளவே.

கப்பி இல்லாத, நுனி வளைந்த ரிகர்வ் வில் என்றால் நிலைமை வேறு. அங்கே உபரி நாணை நின்ற இடத்திலேயே மாட்டிவிடலாம். ஆனால் உறையிலிருந்து புதிதாகப் பிரித்த நாண் ஆகாது. ஏற்கெனவே எய்து நீண்டு முடிந்தது, அம்பு மாட்டும் இடத்தைக் குறித்து வைத்தது, அதுதான் உபரி.


புதுத்தடம் எழுதியது:

அண்ணா, நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. மைத்துனரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். மூன்றாவது ரைஃபிளை வீட்டிலேயே விட்டுவிட ஒப்புக்கொண்டார். வடிகட்டி உறையும் விஷயம் எங்கள் இருவருக்குமே புதிது.

இரண்டு சந்தேகம் பாக்கி. முதலாவது, ஸ்கோப். கீழே விழுந்தால் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்குக்கூட உபரி வேண்டாமா? இரண்டாவது, ஆபத்தில் மீட்புக் குழுவுக்கு சிக்னல் அனுப்பும் அவசர பீக்கன். என்னிடம் ஒன்று இருக்கிறது, பழையது. மைத்துனர் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி ஒன்று வைத்திருக்கிறார். இரண்டையும் எடுப்பதா, ஒன்று போதுமா?


ஓடைவழி எழுதியது:

ஸ்கோப் விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது பதறாமல் உட்காருவது. ஈரப் பாறையில் வழுக்கிய ஒருவரின் ரைஃபிள் ஸ்கோப் பக்கமாக மோதியதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் கீறல் இல்லை, குழாயில் நசுங்கல் இல்லை. அவர் அப்படியே வேட்டையைத் தொடரத்தான் நினைத்தார். நான் விடவில்லை. வெற்று உணவு அட்டையில் கரியால் வட்டம் போட்டு, பின்னால் மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்து, நூறு மீட்டரில் நிறுத்தினோம். முதலில் திருகுகளை இறுக்கினோம், ஒன்று தளர்ந்திருந்தது. பிறகு பையின் மேல் ரைஃபிளைத் தாங்கி வைத்து மூன்று முறை சுட்டார். மூன்றும் வட்டத்திலிருந்து ஒரு சாண் இடப்பக்கம், ஆனால் ஒன்றையொன்று ஒட்டியே விழுந்திருந்தன.

அந்த ஒட்டி விழுதல்தான் முக்கியம். மூன்று குண்டும் ஓரிடத்தில் விழுந்தால் ஸ்கோப் உயிரோடு இருக்கிறது, பார்வை மட்டும் நகர்ந்திருக்கிறது. திருகி மறுபடி ஸீரோ செய்துகொள்ளலாம், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யலாம். எம்ஓஏ, மில் இரண்டும் ஸ்கோப் குறியை நகர்த்தும் கோண அளவுகள். கால் எம்ஓஏ ஸ்கோப் என்றால் திருகின் ஒரு கிளிக்குக்கு நூறு மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகரும். மில் ஸ்கோப்பில் 0.1 மில் கிளிக் ஒன்றுக்குச் சரியாக 1 சென்டிமீட்டர். கணக்கைக் காகிதத்தில் எழுதி ரைஃபிள் உறைக்குள் ஒட்டி வையுங்கள். குண்டுகள் தாறுமாறாகச் சிதறினால், திருகெல்லாம் இறுக்கமாக இருந்தும் சிதறினால், உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. எவ்வளவு திருகினாலும் அது அடங்காது. அந்த ரைஃபிளால் அதற்கு மேல் ஒரு விலங்கையும் சுடாதீர்கள்.

அதனால் நான் சொல்வது: ஸ்கோப்புக்குப் பதில் பத்துப் பதினைந்து தோட்டா கூடுதலாக எடுங்கள். சோதித்துப் பார்க்கத் தோட்டா இல்லாமல் சந்தேகத்தோடு சுடுவதுதான் மலையில் நான் கண்ட மிக மோசமான நிலை. தனியாகப் போகிறவர், அல்லது வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் உரிமத்தோடு போகிறவர் என்றால் உபரி ஸ்கோப்பை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது கழற்றி மாட்டும் வளையங்களில் ஏற்கெனவே பொருத்தி, அதே ரைஃபிளில் ஸீரோ செய்து கழற்றியதாக இருக்க வேண்டும். மாட்டிய பிறகும் ஒருமுறை அட்டையில் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் ரைஃபிளை இன்னொருவர் பயன்படுத்தச் சில இடங்களில் சட்டம் இடம் கொடுக்காது. உரிமம் கொடுத்த அலுவலகத்தில் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏரிக்குப் போகும் முன் பெரிய விமானத்திலும் பயணம் உண்டு என்றால், தோட்டா ஆளுக்கு 5 கிலோ வரைதான், அதுவும் சரக்காக ஏற்றும் பெட்டியில்தான் என்பதை நினைவில் வையுங்கள். சில நிறுவனங்கள் அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கும்.

பீக்கன் விஷயத்தில் இரண்டையும் எடுங்கள். கொஞ்சமும் யோசிக்க வேண்டாம். இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை என்பதால் நான் மேலே சொன்ன கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் காஸ்பாஸ் சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்கு நேராகக் குரல் கொடுக்கும். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், அன்றைய சோவியத் ஒன்றியம் நான்கும் சேர்ந்து தொடங்கியது அது. 1982இலேயே முதல் மீட்பு நடந்துவிட்டது. சந்தா கிடையாது. ஒருமுறை இயக்கினால் குறைந்தது 24 மணி நேரம் ஒலிபரப்பும். ஆனால் "கால் உடைந்துவிட்டது, மற்றபடி நலம்" என்று அதில் சொல்ல முடியாது. செய்திக் கருவியில் சொல்லலாம், பதிலும் வரும். விமானம் எப்போது வரும் என்று விமானியிடம் கேட்டுக்கொள்ளலாம். அதன் பேட்டரியோ தினப் பயன்பாட்டில் கரைந்துகொண்டே போகும்.

உங்களுடையது பழையது என்கிறீர்கள். மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பேட்டரி காலாவதித் தேதி, உடலிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டு, பதிவு. பீக்கனின் எண்ணோடு இன்றைய தொலைபேசி எண்ணும் வீட்டில் இருப்பவரின் எண்ணும் பதிவாகியிருக்க வேண்டும். மூன்று, அது 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள மிகப் பழைய வகையா என்பது. அந்த அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இன்றைய பீக்கன்களிலும் 121.5 இருக்கிறது, ஆனால் தேடி வரும் மீட்புக் குழு அருகில் வந்து இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும்.

இருவரும் பிரிந்து வேட்டையாடுவீர்கள், அதனால் ஆளுக்கு ஒன்று. பையில் வேண்டாம், உடம்பில் இருக்கட்டும். ஆற்றைக் கடக்கும்போது பை அடித்துச் செல்லப்படும். சரிவில் மானை நெருங்கும்போது பையை இறக்கி வைத்துவிட்டு ஊர்ந்து போவோம். உதவி தேவைப்படும் நேரத்தில் பை உங்களோடு இருக்கும் என்று எண்ணவே கூடாது.


பனிமுகடு எழுதியது:

பூட்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டாவது ஜோடி வேண்டாம். முகாமில் போட்டுக்கொள்ள இலேசான செருப்பு ஒன்று இருந்தால் ஆறு கடக்கவும் ஆகும். ஆனால் எடுத்துப்போகும் அந்த ஒரு ஜோடியைத் தயவுசெய்து சோதியுங்கள். பல பூட்ஸ்களின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரத்தால் அது ஆண்டுகள் போகப் போகத் தானாகவே உதிரும். அணியாமல் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த பூட்ஸ்தான் இதில் முதலில் மாட்டும். பார்வைக்குப் புதிது போலவே இருக்கும்; ஈர மலையில் சில மணி நேரம் நடந்ததும் அடிப்பகுதி முழுதாகக் கழன்று வரும். கட்டைவிரலால் நடு அடிப்பாகத்தை அழுத்துங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். பிரிந்த அடிப்பகுதியைச் சுற்றிக் கட்ட நல்ல துணி டேப் சில மீட்டர், நடைக்கோலில் சுற்றி வைத்தால் எடையே தெரியாது. லேஸ் ஒரு ஜோடி உபரியாக இருக்கட்டும்.

எடுத்து வைத்த உபரி, தேவைப்படும் நாளில் இருக்க வேண்டுமே, அதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி என் மனதை விட்டு அகலவே இல்லை. 1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பிய ஆங்கிலேயப் பயணி ஸ்காட்டின் குழு, போகும்போது வழியில் சேமித்து வைத்த மண்ணெண்ணெயை நம்பித்தான் வந்தது. டின்களைத் திறந்தால் இருக்க வேண்டிய அளவு இல்லை. மூடியில் இருந்த தோல் வாஷர்கள் கடுங்குளிரைத் தாங்காமல் எண்ணெய் கசிந்து ஆவியாகிவிட்டிருந்தது. அதே காலத்தில் அதே கண்டத்தில் இருந்த நார்வே பயணி அமுண்ட்சென், தன் டின்களின் வாயை உலோகத்தை உருக்கி ஒட்டி மூடியிருந்தார். ஸ்காட் உபரி வைக்கத் தவறவில்லை. அந்த மூடிகள் அந்தக் குளிருக்குத் தாங்கவில்லை. உங்கள் எரிவாயு உருளைகளை ஒருமுறை மாட்டிக் கழற்றிய பின் எடை போட்டுக் குறித்து, அடுத்த நாள் மறுபடி எடை போட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் அந்த வால்வு கசிகிறது.


புதுத்தடம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பட்டியலை மாற்றிவிட்டோம்: ரைஃபிள் இரண்டு, ஸ்கோப் உபரி இல்லை, தோட்டா கூடுதல். அடுப்பு ஒன்று, ஏரிக்கரையில் விறகு நிறையக் கிடைக்கும் என்று விமானி சொன்னார். வடிகட்டி ஒன்று, மாத்திரை ஓர் அட்டை. தலைவிளக்கு நான்கும் அப்படியே. டூர்னிக்கெட் இரண்டு வாங்கியாயிற்று. மூன்று நாள் உணவு சேர்த்தும் ஆளுக்கு 26 கிலோவில் நிற்கிறது. பீக்கனின் பேட்டரி காலாவதியாகியிருந்தது. மாற்றக் கொடுத்திருக்கிறேன், பதிவில் பழைய தொலைபேசி எண் இருந்ததையும் திருத்திவிட்டேன். பூட்ஸை அழுத்திப் பார்த்தோம், என்னுடையது நன்றாக இருக்கிறது, மைத்துனருடைய ஒரு ஜோடியில் வெடிப்பு இருக்கிறது.

கத்தி மட்டும்தான் தகராறு. மைத்துனர் ஐந்தையும் எடுப்பேன் என்கிறார்.


ஓடைவழி எழுதியது:

ஆளுக்கு ஒரு நல்ல கத்தி, பொதுவில் ஒரு சிறு சாணைக்கல். ஒரு மானைக் கூறுபோடுவதற்குள் கத்தி மழுங்குவது இயல்பு. ஐந்து கத்தி இருந்தால் ஐந்தும் மழுங்கும். மாற்று அலகு போடும் மெல்லிய கத்தி அதில் ஒன்று என்றால் அதை மூன்றாவதாக எடுக்கட்டும், ஆனால் மூட்டுகளை நெம்ப அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அலகு ஒடிந்து இறைச்சிக்குள் போய்விடும். இல்லையென்றால் கையில் ஏறும்.

பனிமுகடு சொன்ன துணி டேப்போடு மின் கம்பிக்குச் சுற்றும் டேப் ஒரு சிறு சுருளும் எடுங்கள். ரைஃபிள் குழலின் வாயில் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் பனியும் சேறும் உள்ளே போகாது. அடைத்த குழலோடு சுட்டால் குழல் கிழியும், முகத்துக்கு அருகில். டேப்பைப் பிரிக்காமலேயே சுடலாம், குறி தவறாது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் புதுத் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.